இழுவை

"இப்பவும் சொல்றேன் மாமா, டெஸ்ட் வேணாம். ஃபாயிஸாவ வேணும்னா நீங்களே வச்சுக்கங்க. வண்டிய மட்டும் கீழ எறக்கிருங்க."

மருமகன் அக்மல் இப்படிச் சொன்னதும் அப்பாஸுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோனது. பெற்ற பிள்ளையையே விட்டுக்கொடுக்கிறான் என்றால், எவ்வளவு பெரிய பாவத்தை மூடி மறைக்கிறான்?

"பயமா இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

திண்டுக்கல் பைபாஸை ஒட்டிய பட்டறையில், அவருடைய பழைய ஃபோர்வீல் ஜீப் இரும்பு ரோலர்களின் மேல் நின்றது. நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி தாவி வெளியே வந்துவிடும் என்று, முன்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெல்ட்டால் வண்டியைத் தரையோடு இறுக்கினான் பட்டறைக்காரன் செழியன். பின்சக்கரம் ரோலரைச் சுற்றுகிற சுற்றில், எஞ்சினுக்கு எத்தனை குதிரை பலம் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும்.

இங்கே வருகிற எல்லோருமே நம்பர் கூட வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஆட்கள்தான். அப்பாஸும் அதைத்தான் வேண்டிக்கொண்டார். ஆனால் அவர் வேண்டியது ஒருத்தனைக் குற்றவாளியாக்க.

அவருடைய ஒரே மகள் மஹ்ஜபீன் போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். வயிற்றில் இரண்டாவது பிள்ளை, ஏழு மாதம். சிறுமலை அடிவாரத் தோப்பு வீட்டில் திடீரென்று ரத்தம் போக ஆரம்பித்ததும், புருஷன் அக்மல், அவசரத்துக்கென்று மாமனாரிடம் வாங்கி வைத்திருந்த இந்த ஜீப்பில்தான் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். பள்ளத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏறுகிற சேற்று மேட்டில் வண்டி இழுக்கவில்லை, டிராக்டர் வந்து கட்டி இழுத்த பிறகுதான் ரோட்டைப் பிடித்தேன் என்பது அவன் சொன்னது. ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு உயிர் இல்லை.

அப்பாஸ் அதை நம்பவில்லை. தேங்காய் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு அதே மேட்டில் அவரே எத்தனையோ தடவை ஏற்றிய வண்டி அது. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வேறு இருந்தது. வேண்டுமென்றே நேரத்தைக் கடத்திவிட்டான் என்று மனதில் விழுந்த நாளிலிருந்து, வாய் நிறைய 'மாப்ள' என்று கூப்பிட்டதையும் நிறுத்திவிட்டார்.

எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று ருசுவாகட்டும். நாளைக்கு ஜமாத்தில் வைத்துப் பேத்தி ஃபாயிஸாவை வாங்கிக்கொண்டு, இவனைத் தலைமுழுகிவிட வேண்டும்.

"மைலேஜ் என்ன குடுக்குது பாய்?" என்று கேட்டான் செழியன்.

"பதினாறுக்குக் கொறயாது தம்பி." இந்த நேரத்திலும் அவர் குரலில் சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. சிக்கனத்தில் அவரை அடித்துக்கொள்ள அவர் குடியிருக்கும் பேகம்பூரில் ஆள் கிடையாது.

"இந்த வண்டியா? பரவால்லயே" என்றபடி செழியன் சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதித்தான். பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. அக்மல் சுவரோரம் குத்தவைத்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அப்பாஸ் வண்டியைப் பார்க்கவில்லை, அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்கியது. செழியன் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"முப்பத்தி ரெண்டு."

"இன்னொருக்கா ஓட்டு தம்பி."

மறுபடி ஓட்டினான். நம்பர் அசையவில்லை.

"அறுவது வரணும் பாய். பாதிதான் வருது. இத வச்சுக்கிட்டு நீங்க சொன்ன சேத்து மேட்டுல எப்படி ஏறுறது? உங்க மருமவன் சொன்னது நெசந்தான்."

பெண்டாட்டியைப் பறிகொடுத்து நிற்கிறவனை இத்தனை நாளும் கொலைகாரனாகப் பார்த்திருக்கிறோமே என்று அப்பாஸ் நொந்துகொண்டார். மெல்ல நடந்துபோய் அவன் தோளைத் தொட்டார்.

"மாப்ள, என்னைய மன்னிச்சிருங்க."

அக்மல் முகத்தில் சந்தோஷம் இல்லை. சட்டென்று எழுந்து அவர் கையைப் பிடித்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. வாங்க, கெளம்புவோம். புள்ள தேடும்."

"செத்த நேரம் இருங்க" என்று செழியன் பானெட்டுக்குள் தலையை விட்டபடி கூப்பிட்டான். "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. அம்புட்டு மிதி மிதிச்சும் புகையே வரலையேன்னு பாத்தேன். டீசல் பம்புல சீல் கம்பிய அறுத்துட்டு, டீசல் கம்மியாப் போற மாதிரி திருகைக் கொறச்சு வச்சிருக்கானுங்க. மைலேஜுக்காகப் பண்றது. டவுனுக்குள்ள ஓட்டுனா தெரியாது, மேட்டுல காலை வாரிரும். எவன் பாத்த வேல இது?"

அக்மல் மாமனாரின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

அப்பாஸ் கையை உருவிக்கொண்டு பானெட்டுப் பக்கம் போனார்.

"நாந்தான்" என்றார். "மழைக்கு முன்னாடி. டீசல் ரொம்பக் குடிக்குதுன்னு பம்புக் கடையில குடுத்துக் கொறைக்கச் சொன்னேன். ஒரு திருகுதான்னு சொன்னான். மஹ்ஜபீன்கிட்ட மட்டும் சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் நான் மேட்டுப் பக்கம் கொண்டுபோகவே இல்ல."

அவர் மருமகன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா மாப்ள?"

அக்மல் தலையை ஆட்டினான்.

"'எங்க அத்தாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது'ன்னு, அந்த மேட்டுல வச்சு மஹ்ஜபீன்தான் சொன்னா மாமா."