லோவான் பேசுவதில்லை

"பொண்ணுக்கு நாலு வயசு. நாலு வார்த்தை சேர்ந்தாப்ல வரல. வீட்ல நீ அவகிட்ட பேசறியா, இல்லையாம்மா?"

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்த கையோடு லியாவ் டீச்சர் விசாரணையை ஆரம்பித்துவிட்டார். தைவானின் ஷிலுவோ ஊரில் முப்பது வருஷமாகப் பாலர் வகுப்பு எடுக்கிறவர். ஊரில் பாதிப் பேருக்கு மூக்கு சிந்திவிட்டவர். வீடு தேடி வந்து பேச அவருக்கு முன்னுரையெல்லாம் தேவையில்லை.

கொய்யாப் பழத்தை நறுக்கிக் கொண்டுவந்து வைத்த லோவான் தலையை மட்டும் ஆட்டினாள். அது ஆமாமா, இல்லையா என்று அவளுக்கே தெரியாது போலிருந்தது. வியட்நாமிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பத்து வருஷம் ஆகிறது. விடிந்தால் காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் தரம் பிரிக்கப் போய்விடுவாள்.

சின்னவள் யூ சின் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர்க் குவளையைக் காட்டினாள். அம்மா ஊற்றிக் கொடுத்தாள். கொய்யாவைக் காட்டினாள். அம்மா ஊட்டிவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சத்தம் இல்லை. டிவி மட்டும் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? இதைத்தான் சொல்றேன். காதுல விழுந்தாத்தானே வாயில வரும்? வகுப்புல மூலையில உக்காந்திருக்கா. மத்த பிள்ளைங்க ஊமைன்னு கூப்பிட ஆரம்பிச்சாச்சு."

லோவான் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

டீச்சர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இது பின்தங்கின பிள்ளைங்களுக்கான தனி வகுப்பு. நான் எழுதி அனுப்பினா அடுத்த மாசமே அங்க மாத்திடுவாங்க. எனக்கு மனசு வரலம்மா. அவ கண்ணுல புத்தி இருக்கு. குறை பிள்ளைகிட்ட இல்ல, இந்த வீட்லதான் இருக்கு."

"எனக்கு... சீனம் சரியா வராது டீச்சர். நான் தப்பா பேசினா பிள்ளையும் தப்பா பேசும்."

"யாரு உன்னைச் சீனத்துல பேசச் சொன்னா? உன் பாஷைல பேசு! கொஞ்சு, திட்டு, உங்க ஊர்ப் பாட்டு பாடு. ஒண்ணு நல்லா வந்துட்டா அடுத்த பாஷை தானா வரும். போன மாசம் தாய்ச்சுங் நகரத்துல டீச்சர்களுக்கு மூணு நாள் பயிற்சி. இதைத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

லோவான் நம்பாமல் பார்த்தாள்.

"என் பாஷைல... பேசலாமா?"

"இதென்ன கேள்வி? வேண்டாம்னு யாரு சொன்னா?"

லோவான் தலையைக் குனிந்துகொண்டாள். உள் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. டீச்சருக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கிவிட்டது.

"டேய் கோ மிங்! எழுந்து வாடா வெளிய!"

ராத்திரி முழுக்கத் தைபேவுக்குக் காய்கறி லாரி ஓட்டிவிட்டு வந்து தூங்கிய லோவானின் கணவன் கோ மிங், கண்ணைக் கசக்கிக்கொண்டு அரை நிஜாரோடு ஓடி வந்தான். அவனும் டீச்சரிடம் மூக்கு சிந்தியவன்தான்.

"பொண்டாட்டி அவ பாஷைய பேசக் கூடாதுன்னு வாயைக் கட்டி வச்சிருக்கியே, வெக்கமா இல்ல உனக்கு? இதையா நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்?"

"நானா?" கோ மிங்குக்குத் தூக்கம் போய்விட்டது. "பேசுடி, பேசுடின்னு கெஞ்சறவன் டீச்சர் நான்! பெரியவ பெய் ஷான் கைக்குழந்தையா இருந்தப்ப நாள் பூரா பாடிக்கிட்டே இருப்பா. எனக்கே ரெண்டு பாட்டு மனப்பாடம். பெரியவளுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒருநாள் சட்டுனு நிறுத்திட்டா. அதுக்கப்புறம் பொறந்த இவ காதுல ஒரு பாட்டு விழல."

"அப்போ எந்த மடையன் நிறுத்தச் சொன்னது?"

கோ மிங் வாயைத் திறந்தான். லோவான் அவசரமாக அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"யாரோ சொன்னாங்க டீச்சர். மறந்துபோச்சு. பழம் எடுத்துக்குங்க."

"மறந்துபோச்சாம்! அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும். பெத்தவ வாயை அடைச்சு, ஒரு பிள்ளைய ஊமையாக்கி வச்சிருக்காங்க. இவங்கெல்லாம் படிச்சவங்களா? பேரைச் சொல்லு, இன்னிக்கே போய் நாலு வார்த்தை கேக்கறேன்."

கோ மிங்குக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மனைவியின் கையை விலக்கிவிட்டு அலமாரியைத் திறந்தான். பெரியவளின் பழைய பாலர் வகுப்பு நோட்டை எடுத்தான். டீச்சர் தினமும் ஒரு வரி எழுதி அனுப்ப, வீட்டில் பார்த்துப் பதில் எழுதித் திருப்பி அனுப்புகிற நோட்டு. தேட வேண்டிய அவசியமே இல்லாமல் அந்தப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது.

"நீங்களே படிங்க டீச்சர்."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

'பெய் ஷான் இரண்டு மொழிகளைக் கலந்து பேசுகிறாள். அம்மா வீட்டில் தன் மொழியில் பேசுவதை உடனே நிறுத்த வேண்டும்.'

குண்டு குண்டான அழகான எழுத்து. பக்கத்தில், கொஞ்சமும் மங்காத சிவப்பு முத்திரையில் பெயர்: லியாவ்.

அதற்குக் கீழே, பெற்றோர் எழுதும் கட்டத்தில், அப்போதுதான் சீன எழுத்துப் பழகத் தொடங்கிய ஒரு கை கோணல்மாணலாக எழுதியிருந்தது:

'நன்றி டீச்சர். இனிமேல் பேச மாட்டேன்.'