சாம்பல் பூத்த புளியமரம்

பிலோமினாவின் பால்கனியில் இருந்த போன்சாய் புளியமரத்துக்குச் சாம்பல் நோய் என்று சுவரில் இருந்த கருவி காலையிலேயே கண்டுபிடித்து மேலிடத்துக்குச் சொல்லிவிட்டது. பத்தே நிமிடத்தில் தாவர நோய் ஆய்வாளர் யாசர், நோய் வந்த செடிகளை எரிக்க எடுத்துப்போகும் பையோடு வந்து நின்றார்.

"கொடுத்துடுங்கக்கா. இதே உயரம், இதே வளைவுல நோயே வராத மரம் சாயங்காலமே வந்துடும். இப்பல்லாம் யாரும் வைத்தியம் பாக்குறதில்ல."

"நான் பாப்பேன்."

"மறுத்தா உங்களையும் உள்ள வெச்சு வீட்டுக்கு இருபத்தொரு நாள் சீல் வைக்கணும். நீங்க மெட்ரோ ஓட்டுறவங்க. வேலை போயிடும்."

"போகட்டும் தம்பி. பதினாலு வருஷமா கம்பி கட்டி வளைச்சது நான். வெட்டணும்னாலும் நான்தான் வெட்டுவேன்."

கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்தாள். வெள்ளை படிந்த மூன்று கிளைகளையும் அடியோடு நறுக்கினாள்; ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மறுபடி துடைத்தாள். அவள் பாடுபட்டு வளைத்த கிளையும் அவற்றில் ஒன்று. நறுக்கியதை இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்திவிட்டு, "சீல் வைங்க" என்றாள்.

யாசர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சீல் பட்டையை ஒட்டும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. பிலோமினா கதவுத் துளை வழியே பார்த்தாள். சட்டையில் மாட்டியிருந்த கேமராவை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவர் அங்கேயே நின்றிருந்தார்.

"அக்கா, எங்க வீட்டுக் குளியலறையில ஒரு முல்லைக்கொடிய ஒளிச்சு வெச்சிருக்கோம். அதுலயும் இதே வெள்ளைதான். எதுவரைக்கும் வெட்டணும்?"

"வெட்டுன இடம் பச்சையாத் தெரியற வரைக்கும்" என்றாள் பிலோமினா. "மனசு கேக்கலைன்னு பாதியில நிறுத்திடாதீங்க."