கூடத் தின்ன ஒரு வாய்

தீனியை வைத்துவிட்டால் வெள்ளியங்கிரிக் கவுண்டர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

உண்ணும் வாயைப் பார்த்தால் கண்ணேறு படும் என்பது அவர் தகப்பனார் காலத்து வழக்கம். பட்டி ஆடுகளுக்கும், கட்டுத்தறி எருதுகளுக்கும், சயரோகம் கண்டு கிளுவை வேலிக்கு அப்பால் ஓலைச் சாளையில் கிடந்த மனைவி ஆத்தாயிக்கும் அவர் குறைவின்றி வைத்தார். வைத்த கையோடு முதுகைக் காட்டி நடந்தார்.

இரண்டு வருஷம் மழை பொய்த்தது. முப்பது செம்மறிகளும் சிறுகச் சிறுகத் திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போயின. சினையாக இருந்த ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அது சாமானிய ஆடன்று. மற்றவை கூடை கூடையாகத் தின்றும் தேறாத கோடையில், இது ஒரு கை வேலங்காயிலேயே மினுமினுத்தது. இந்த ஒன்றை வைத்தே பட்டியை மறுபடி நிரப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

கடைசி நான்கையும் விற்றுவந்த மூன்றாம் நாள், யுவ வருஷத்து ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. பத்தே நாளில் கொழுக்கட்டைப் புல் கணுக்கால் மறைய எழுந்து நின்றது.

ஆடு தின்னவில்லை.

தலையைத் தூக்கி, வெறும் பட்டியைப் பார்த்துக் கத்தியது. கல்தொட்டித் தண்ணீரை மூக்கால் தொட்டுவிட்டு விலகியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வயிற்றுக் குட்டியோடு அது சாய்ந்துவிட்டால் பட்டி அத்தோடு முடிந்தது.

கதைகளில் வரும் ஆடாக இருந்தால் வாய் திறந்து காரணம் சொல்லியிருக்கும். இது வெறும் செம்மறி, கத்தத்தான் தெரிந்தது.

புல் எழுந்த ஐந்தாம் நாள் காலையில், ஏரைத் தோளில் சுமந்து போன பக்கத்துக் காட்டுக் காளியண்ணன் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தான்.

"ஏனுங் மாமா, ஆடு ஒத்தையில திங்குமுங்களா? கூடத் திங்க ஒரு வாய் வேணுமல்லோ! ஆருமில்லீன்னா நீங்களே நாலு கால்ல நின்னு மேயுங்க!"

தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தபடி போய்விட்டான்.

கவுண்டர் நாற்புறமும் பார்த்தார். ஆளரவம் இல்லை. தலைப்பாகையை அவிழ்த்து வரப்பில் வைத்தார். அறுபது வயது முழங்கால்களை ஈர மண்ணில் ஊன்றினார். ஒரு கொத்துப் புல்லைப் பறித்து வாயிலிட்டு, சத்தம் எழ மென்றார்.

ஆட்டின் காது திரும்பியது.

அடுத்த கொத்து. ஆடு ஓரடி வந்தது. அவர் முகத்துக்கு அருகே தன் முகத்தைத் தாழ்த்தியது. மூச்சு அவர் கன்னத்தில் பட்டது. பிறகு ஒரு வாய் கடித்தது, இன்னொரு வாய்.

அவர் மெல்வதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திற்று. அவர் தொடர்ந்தால் அதுவும் தொடர்ந்தது.

பட்டி பிழைத்துவிட்டது. மகிழ்ந்திருக்க வேண்டியவர், வாயில் புல்லோடு மண்டியிட்ட நிலையிலேயே உறைந்து போனார்.

ஆத்தாயியின் சாளையிலிருந்தும் சோற்று வட்டில் தொடாமல் அப்படியேதான் திரும்பி வந்தது.

கோழிச்சாறு வைத்தார்; ஆடை படிந்து திரும்பியது. கம்பஞ்சோறும் கெட்டித் தயிரும் வைத்தார்; எறும்பு மொய்த்துத் திரும்பியது. "வெச்சதத் திங்காதவளுக்கு ஆரு என்ன பண்றது?" என்று நாலு பேர் கேட்க அலுத்துக்கொண்டார். அந்த நாலு பேரும் தலையாட்டினார்கள்.

ஒரே ஒரு நாள் அவள் கேட்டாள்.

"செத்த நேரம் உக்காந்துட்டுத்தான் போங்களே."

"கண்ணு பட்டுரும் புள்ள" என்றார், நடந்துகொண்டே.

அவர் அஞ்சியது அவள் இருமலுக்கு. அதைச் சொல்ல நா எழாத இடத்தில் தகப்பனார் வழக்கம் கைகொடுத்தது.

கவுண்டர் புல்லைத் துப்பிவிட்டு எழுந்தார். வீட்டுப் பரணில் கவிழ்ந்து கிடந்த அவள் வட்டிலை எடுத்துத் தூசியைத் தட்டினார். சாம்பல் போட்டு விளக்கி, கம்பஞ்சோற்றை அதில் பிசைந்துகொண்டு வேலிப் படலைத் திறந்தார். ஆடு அவர் பின்னாலேயே வந்து சாளை வாசலில் நின்றது.

வாசலில் வைத்துவிட்டுத் திரும்பவில்லை. குனிந்து உள்ளே போய்ச் சம்மணமிட்டு அமர்ந்தார்.

முதல் கவளத்தைத் தம் வாயிலிட்டார். அவள் வட்டிலிலிருந்தே. சத்தம் எழ மென்றார்.

வாசலில் ஆடும் மேயத் தொடங்கியது. இன்னொரு கவளத்தை உருட்டி எதிரே நீட்டினார்.

"தின்னு புள்ள. நா இங்கதே இருக்கறேன்."

எதிரே, ஆவணியில் அவளைப் பாடையேற்றிய பிறகு தரையில் மெழுகிய சாணம், காய்ந்து வெடித்திருந்தது.