கறுப்புக் கிமோனோவில் வெள்ளை நூல்

கத்தரிக்கோலுடன் அண்ணியின் வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். கிமோனோவின் கை ஓரத்தில் நூல் இல்லை.

இடது கையிலும் இல்லை. குனிந்து கீழ் ஓரத்தைத் தடவினேன். அங்கேயும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது, பிறந்த வீட்டில் கறுப்புக் கிமோனோ ஒன்று தைத்துக் கொடுத்தனுப்புவார்கள். சொந்த வீட்டுச் சாவுக்கு மட்டும் உடுத்துவது. மடிப்பு கலையாமல் இருக்க ஓரமெல்லாம் வெள்ளை நூல் ஓட்டியிருக்கும். சாவு விழுந்த பிறகுதான் அதை வெட்ட வேண்டும். முன்கூட்டியே வெட்டினால், சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

அண்ணி வாழ வந்த இருபத்தைந்து வருடத்தில் இந்த வீட்டில் சாவே இல்லை. அண்ணன் மசாயாதான் முதல். நான்கு மாதம் படுக்கையில் கிடந்து, நேற்று விடியற்காலை போய்விட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் அண்ணி, எங்கண்ணன் கண்ணை மூடுற வரைக்கும்கூடப் பொறுக்கலையா உங்களுக்கு?"

அண்ணி இடுப்புப் பட்டை கட்டாத கிமோனோவை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து அறையில் சவப்பெட்டி அருகே அம்மா உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள், வெட்டிய நூல் அவள் கைக்கு வர வேண்டும், அப்புறம்தான் மருமகள் பெட்டிப் பக்கத்தில் உட்காரலாம் என்று. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணி கடைசி வரிசைக்குப் போக வேண்டியதுதான்.

சொல்லிவிடத்தான் நினைத்தேன்.

அம்மாவுக்கும் எனக்கும் அண்ணிமேல் பழைய கோபம் ஒன்று உண்டு. என் மகள் மினோரி பிறந்து ஒரு மாதத்தில் முதன்முதலாகக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். அன்று அண்ணிக்குக் காய்ச்சலாம். வரவில்லை. அண்ணனையும் வர விடவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் காய்ச்சல்காரி. புத்தாண்டுக்கு மோச்சிக் கொழுக்கட்டை தின்ன உட்காரும்போதெல்லாம், "இந்த வருஷமாவது காய்ச்சல் இல்லாம வந்தீங்களே" என்று குத்துவேன். அண்ணி சிரித்து வைப்பாள். அண்ணன் தலையைக் குனிந்து மோச்சியை மென்றுகொண்டே இருப்பான்.

"அம்மா" என்று கூப்பிட வாயெடுத்தேன். பிடித்திருந்த கிமோனோக் கையின் அடியில் ஏதோ சரசரத்தது.

பை போல் தொங்கும் அந்தக் கைக்குள்ளிருந்து எடுத்துப் பிரித்தேன். நாலாக மடித்த காகிதம். பக்கத்து ஊர் புத்த மடத்தின் முத்திரை. அதன் கீழே அண்ணனின் கையெழுத்து.

'பிறக்காமலே போன எங்கள் குழந்தைக்கு. பெயர் வைக்கவில்லை.'

தேதியும் போட்டிருந்தான். மே பதினெட்டு. வருடத்தைப் பார்க்கத் தேவையில்லை. மினோரியை அம்மா கையில் கொடுத்து, கோயில் படிக்கட்டில் நின்று நாங்கள் படம் எடுத்துக்கொண்ட நாள் அது.

ஐந்தாம் மாதம் வயிற்றில் துணி கட்டும் நாள் வரை உண்டாகியிருப்பதை நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். அந்த நாள் அவர்களுக்கு வரவே இல்லை.

"உங்களுக்கு நல்ல நாள்" என்றாள் அண்ணி மெதுவாக. "அங்க வந்து அழுதுட்டு நிக்க வேணாம்னு அவர்தான் சொன்னாரு. குழந்தைக்குச் சடங்கு பண்ண மடத்துக்கு நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் போனோம். அன்னைக்குத்தான் இதை முதல் தடவையா உடுத்தினேன்."

இருபத்திரண்டு புத்தாண்டுகள். அத்தனையிலும் குத்தியிருக்கிறேன்.

"கனாயே! நூலை வெட்டியாச்சா? கொண்டா இங்கே!" என்னைக் கூப்பிடும் அம்மாவின் குரல்.

தையல் பெட்டியைத் திறந்தேன். வெள்ளை நூல்கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்து, துண்டு துண்டாக வெட்டினேன். புது நூல், விறைப்பாக நின்றது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். கதவை ஒரு சாண் நகர்த்தி அம்மாவின் கையில் போட்டேன்.

அம்மா விரலால் நெருடிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் தொடாமதான் வச்சிருந்திருக்கா. சரி, வந்து உட்காரச் சொல்லு."

கதவைச் சாத்தினேன். காகிதத்தை அதே மடிப்பில் மடித்து, கிமோனோக் கைக்குள் இருந்த இடத்திலேயே வைத்தேன். இடுப்புப் பட்டையைச் சுற்றும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே மழை. ஒசாகா ரயிலில் வந்த மினோரி வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது.

"அம்மா, அத்தை எங்கேம்மா?"

நான் பட்டையின் முடிச்சை இறுக்கினேன்.

"இங்கதான் இருக்கேன், கண்ணு" என்றாள் அண்ணி.