நூறோடு நிறுத்தியவள்

இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருந்திருக்கிறது.

மூன்றாம் பக்கமும்தான். மொத்தம் பதினொன்று!

எங்கள் கம்பெனி விற்பது கேஸ் ஹீட்டர். உறைந்த ஏரிமேல் தகரக் குடிசை போட்டு, பனியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்கள் உள்ளே வைத்துக்கொள்வது.

ஆன்லைன் கடையில் அதை வாங்கியவர்கள் எழுதும் விமர்சனங்களை எடுத்துவரும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியவள் நான். கடையின் ஏபிஐ, அதாவது வெளி நிரல்களுக்குத் தகவல் கொடுக்கும் ஜன்னல், ஒரு தடவைக்கு நூறுதான் தரும், அதுவும் பழசிலிருந்து தொடங்கி. மீதி வேண்டுமென்றால் அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டும்.

நான் கேட்கவே இல்லை, பாவி.

ஒரு வருஷமாக அதே நூறு விமர்சனம். நூறும் ஐந்து ஸ்டார். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஆபீஸில் ஒருத்தருக்காவது சந்தேகம் வர வேண்டுமே! எப்படி வரும்? விற்பனை தொடங்கிய வாரத்தில் அந்த நூறையும் எழுதியதே ஆபீஸில் இருக்கும் எங்கள் எல்லார் வீட்டு அத்தை, சித்தப்பா, மச்சான்கள்தான்.

இன்று ஓர் அம்மாள் போன் செய்தார். "நவம்பர்லயே எழுதிப் போட்டேனே, உங்க ஆபீஸ்ல படிக்கத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

ரோஷம் வந்து நிரலைத் திருத்தி ஓடவிட்டேன்.

இரண்டாம் பக்கத்தில் தலைவலி. தலைச்சுற்றல். வாந்தி. மூன்றாம் பக்கத்தில் ஒருவருடைய தம்பி, படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. வாசனையே இல்லாத விஷவாயு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.



என் கணவன் நெல்ஸ் காலையிலேயே ஏரிக்குப் போய்விட்டான். புது ஹீட்டரை வண்டியில் ஏற்றிக் கொடுத்ததே நான்தான்.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீன் தூண்டிலை இழுக்கும்போது எடுக்கமாட்டான், அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுபடி அடித்தேன். மறுபடியும். பக்கத்து மேஜை ரூடியிடம் ஏரியின் பெயரைச் சொல்லி, ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று கத்தினேன்.

நிரல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எட்டு. ஒன்பது. பத்து.

பதினோராம் பக்கத்தில் கடைசியாக ஒன்று. இன்றைய தேதி. ஐந்து ஸ்டார்.

"என் பொண்டாட்டிக்கு இந்தக் கம்பெனிலதான் வேலை. எழுது எழுதுன்னு உயிரை எடுத்துட்டா. சூடு பிரமாதம். தலைதான் லேசா வலிக்குது, மீன் ஒண்ணும் மாட்டாத கடுப்பா இருக்கும். கதவை இறுக்கிச் சாத்திட்டு ஒரு தூக்கம் போடப் போறேன்."

எழுதிய நேரம் பன்னிரண்டு இருபது.

இப்போது மணி மூன்று.