லொமாந்து

அய்யாவுவிடம் சொற்கள் தீர்ந்துபோய் மூன்று நாளாகிவிட்டது.

இருந்தும் உட்கார்ந்துவிட்டான். மருந்தடிக்கும் டின்னை முதுகிலிருந்து இறக்கி, ஆபீஸ் பெஞ்சில் சாய்ந்தான். இலங்கைத் தோட்டத்தில் அதற்கு வாங்கு என்று பேர். அந்தச் சொல்லையும் எப்போதோ கொடுத்தாகிவிட்டது.

இந்த எஸ்டேட்டில் ஒரு தொழிலாளி வேலை நேரத்தில் உட்கார ஒரே வழிதான் இருந்தது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள் மட்டும் பேசுகிற ஒரு சொல்லைக் கிளார்க் நாச்சிமுத்துவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை நோட்டில் எழுதி, தடித்த அகராதியைப் புரட்டி, பூர்வீகத்தைத் தேடி முடிக்கிறவரை எழுந்திருக்க வேண்டாம். மேஸ்திரிகூட வாசலோடு நின்றுவிடுவான்.

கடப்பாரைக்கு அலவாங்கு என்று சொன்ன அன்று நாச்சிமுத்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“இது போர்த்துகீசியனோட வார்த்தைங்க அய்யாவு! கப்பலேறி வந்திருக்குது!”

“நாங்களும் அப்புடித்தான் வந்தோங்கய்யா.”

அது அவர் காதில் விழவில்லை.

அறைக்குக் காம்பரா, சாராயக் கடைக்குத் தவறணை. எல்லாம் போயிற்று. நேற்றும் முந்தாநாளும், யோசித்துவிட்டு வருகிறேன் என்று நின்றபடியே திரும்பினான். இன்று கால் கேட்கவில்லை.

“லொமாந்து,” என்றான்.

அப்படி ஒரு சொல்லை அவனே அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான்.

“அப்படின்னா?” பேனா தயாராக இருந்தது.

“சரிவுல நாள் பூரா நின்னுட்டு ஒக்காந்தா, கெண்டக்கால்ல சூடா ஒன்னு எறங்கும்லங்கய்யா. அதான்.”

நாச்சிமுத்து அகராதியை முன்னும் பின்னும் புரட்டினார். நெற்றி சுருங்கியது. நிமிர்ந்தபோது வாசலில் பொன்னாயி நின்றாள். காய்ச்சல் மாத்திரை கேட்க வந்தவள், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவளும் இலங்கையிலிருந்து வந்தவள்தான். ஆனால் அங்கே அய்யாவு ஹப்புத்தளைப் பக்கம், அவள் மஸ்கெலியாப் பக்கம்.

“ஏனுங் பொன்னாயி, லொமாந்துன்னு உங்க பக்கம் சொல்லுவீங்ளா? இல்ல, அய்யாவு என்ர காதுல பூ சுத்தறாரா?”

அய்யாவு தரையைப் பார்த்தான். இந்தப் பெஞ்சு போனால் பிறகு சாயங்காலம்வரை முதுகும் டின்னும்தான். நாளைக்கும் அதேதான்.

பொன்னாயி அவனைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். பெஞ்சில் மீதியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

“எங்க பக்கம் லொமாந்தின்னு சொல்லுவோங்கய்யா.”

சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

“அட, ஊருக்கு ஊரு மாறுது பாருங்க!” நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. புதுப் பக்கம் திருப்பி, கோடு போட ஸ்கேலைத் தேடினார்.

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடியபடியே, அவனுக்கு மட்டும் கேட்கும்படி பொன்னாயி சொன்னாள்.

“அண்ணே, லொமாந்து எறங்குது.”