கமா மேடம்

"மறுபடியும் திருப்பிட்டாங்களா?" என்றாள் மனைவி.

முனைவர் பட்ட ஆய்வேட்டை அவன் சாப்பாட்டு மேஜையில் தொப்பென்று போட்டதிலேயே பதில் இருந்தது.

"இந்தத் தடவை என்னவாம்?"

"புத்தகத் தலைப்பெல்லாம் சாய்வெழுத்துல இருக்கணுமாம். சாய்ச்சுத்தானே மேடம் வெச்சிருக்கேன்னேன். துணைத்தலைப்பு நிமிர்ந்து நிக்குதேங்கறாங்க."

"போன தடவை வேற ஏதோ சொன்னாங்களே?"

"வருஷத்துக்கு அடைப்புக்குறி போடச் சொன்னாங்க. போட்டேன். இப்ப அதை எடுக்கச் சொல்றாங்க. அந்தம்மாவுக்கு மண்டை குழம்பிப்போச்சு!"

அவனுடைய கைடுக்குத் துறையில் 'கமா மேடம்' என்று பெயர். மாணவன் மாடாய் உழைத்து எழுதிய எதையும் படிக்க மாட்டார். கடைசியில் இருக்கும் நூற்பட்டியலை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். ஆசிரியர் பெயருக்குப் பின்னால் கமாவா, புள்ளியா என்பதுதான் அவருக்கு உலகப் பிரச்சினையாம்.

அவன் பிரச்சினை வேறு. ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை அவனுக்காகக் காத்திருந்தது. மாதக் கடைசிக்குள் ஆய்வேடு சமர்ப்பித்த சான்றைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கைடு கையெழுத்து இல்லாத ஆய்வேட்டை அலுவலகத்தில் யாரும் தொடக்கூட மாட்டார்கள்.

"நாலாவது அத்தியாயத்தைப் பத்தியாவது ஏதாவது சொன்னாங்களா?"

"மூச்சு விடலை! கருத்தரங்குல அதைப் படிச்சப்ப எழுந்து நின்னு கைதட்டினாங்க. இந்தம்மாவுக்கு அதெல்லாம் எங்க கண்ணுல படப்போகுது? கைடை மாத்துங்கன்னு துறைத் தலைவர்கிட்ட எழுதிக் கொடுக்கப்போறேன்."

"மாத்த எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆறு மாசம்."

"அதுக்கு அந்தக் கமாவே தேவலை. இப்ப என்னதான் செய்யணுமாம்?"

"ஒவ்வொரு புத்தகத்தையும் திரும்பக் கையில எடுத்து, பக்க எண்ணை நேர்ல ஒத்துப் பாக்கணுமாம். பழைய குறிப்பைப் பாத்து எழுதினதை நம்ப மாட்டாங்களாம்."

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்கச் சீட்டையும் டப்பாவையும் ஒத்துப் பார்ப்பவள். "நான் படிக்கறேன், நீங்க சரி பாருங்க" என்று லீவு நாளில் புத்தகக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

ஆற்றுப் பாலங்களைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று வந்தது. அதிலிருந்து ஒரேயொரு புள்ளிவிவரத்தை அவன் எடுத்துக் காட்டியிருந்தான். அது எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டே அவள் உரக்கப் படித்தாள்.

"பாலம் வந்த ஊரில் முதலில் வேலை இழந்தவன் படகோட்டி..."

"துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதே பாலத்தில் சுங்கம் வசூலிக்க வந்து நின்றான்" என்று அவன் முடித்தான்.

"எப்படிங்க பாக்காமலே சொல்றீங்க?"

"நான் எழுதினதை நான் சொல்ல மாட்டேனா? நாலாவது அத்தியாயம்."

அவள் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

இரண்டு பக்கம். அவன் எழுதியது வரிக்கு வரி அப்படியே அதில் இருந்தது.

அவனுக்கு நினைவு வந்தது. ஆய்வில் சேர்ந்த புதிதில், நூலகத்தில் உட்கார்ந்து பிடித்ததையெல்லாம் குறிப்பெடுத்த காலம். மேற்கோள் குறி போடவில்லை, எந்தப் புத்தகம் என்றும் எழுதவில்லை. பல வருஷம் கழித்துப் புரட்டியபோது, தன் கையெழுத்தைப் பார்த்துத் தன் சிந்தனை என்றே நம்பிவிட்டான். இதைப் போய் யாரிடம் சொல்ல?

"தெரியாம நடந்ததுதானே?"

"எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்வான். ஆய்வுப் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. கைடுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தாகணும். விதி அப்படி."

"நல்லவேளை, உங்க மேடம் கமாவை மட்டும் பாக்கறவங்க."

இரண்டு பக்கத்தையும் மேற்கோள் குறிக்குள் அடைத்தான். அடியில் ஆசிரியர், புத்தகம், பக்க எண் எல்லாம் போட்டான். இத்தனை நாள் வாங்கிய கைதட்டலை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மறுநாள் கமா மேடம் ஆய்வேட்டை வாங்கினார். நூற்பட்டியல் பக்கமே போகவில்லை. நடுவில் பிரித்து, நாலைந்து தாளைத் தள்ளி, நேராக அந்தப் பக்கத்தில் வந்து நின்றார்.

மேற்கோள் குறி தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார். முடியும் இடம் வரை நகர்த்தினார். அடிக்குறிப்பைப் படித்தார். பேனாவைத் திறந்து முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"மேடம்... நூற்பட்டியலைப் பாக்கலையே?"

"அது முதல் தடவையே சரியாத்தான்ப்பா இருந்தது."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மேடம், அந்த ரெண்டு பக்கம்... சத்தியமா நான் வேணும்னு..."

"உஷ்!" கமா மேடம் அவசரமாகக் கதவுப் பக்கம் பார்த்தார். "வாயை மூடிக்கிட்டுக் கிளம்பு. நீ சொல்லித் தொலைச்சா, எனக்குத் தெரியும்னு ஆயிடும்ப்பா!"